கசிமிப் பானையிலிருந்து தொடங்குங்கள்: கலையைப் பற்றி எழுத வருகிறவர்களுக்கு

கலம்காரி என்ற துணி ஓவியத்தைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில் ‘தூரிகை’ என்ற சொல் ஐந்து இடத்தில் வந்திருந்தது. ஒரு பத்திரிகையும் அதை அப்படியே போட்டுவிட்டது. அச்சான தாளை எடுத்துக்கொண்டு காளஹஸ்திக்குப் போய், யாரைப் பற்றி எழுதியிருந்தேனோ அந்தப் பெரியவரிடமே படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் பக்கத்தில் கிடந்த மூங்கில் குச்சியை எடுத்து என் கையில் வைத்தார். “இதுக்குப் பேரு என்ன நைனா?” “கலம்.” “அப்போ அந்தத் தூரிகை யாரோடது?”

கலம் என்றால் பாரசீகத்தில் எழுதுகோல், காரி என்றால் வேலை. கலையின் பெயரே கருவியைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் எங்கிருந்தோ ஒரு தூரிகையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்திருக்கிறேன். ஓவியம் என்றால் தூரிகை என்று மனத்தில் ஏற்கெனவே ஒரு வாக்கியம் இருந்தது. கண் பார்த்ததை அந்த வாக்கியம் எழுத விடவில்லை.

அந்த வெட்கத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் நகரிக்காரன். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். புத்தூர், சத்தியவேடு, சித்தூர், குப்பம் என்று இந்த எல்லையோரத்தில் இருந்துகொண்டு கலையைப் பற்றித் தமிழில் எழுத ஆசைப்படுகிற புதியவர்களை நினைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

பஸ் காசுக்குள் இருப்பதை எடுங்கள்

முதல் தவறு பெரும்பாலும் பொருளைத் தேர்வதிலேயே நடக்கிறது. ‘இந்திய ஓவிய மரபு’ என்று தொடங்கினால் நூலகத்தில்தான் போய் உட்கார வேண்டும். அங்கே உங்களுக்கு முன்னால் நூறு பேர் உட்கார்ந்து எழுதி முடித்திருப்பார்கள். ஒரு பஸ்ஸோ ரயிலோ ஏறிக் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய இடத்தில் இருக்கும் கலையை எடுங்கள். காரணம் சிக்கனம் மட்டுமில்லை. நீங்கள் மூன்று முறை, நான்கு முறை போக வேண்டியிருக்கும்; தூரமாக இருந்தால் ஒரே முறை போய்விட்டு மீதியைக் கற்பனையில் நிரப்புவீர்கள்.

எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. நகரியிலோ புத்தூரிலோ ரயில் ஏறி ரேணிகுண்டாவில் மாறினால் காளஹஸ்தி. கண்ணப்பர் கண் கொடுத்த தலம் என்று நமக்குத் தெரிந்த அதே ஊரில்தான் கலம்காரி எழுதும் வீடுகள் இருக்கின்றன. ரேணிகுண்டாவுக்கு அருகிலேயே குடிமல்லம் கோவில். கோடை வந்தால் சித்தூர் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். பதினெட்டு நாள் கதை, ராத்திரிக்குக் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். மூன்றும் மூன்று வகை. ஒன்று கண் முன்னால் உருவாகிக்கொண்டிருக்கும் பொருள், ஒன்று எப்போதோ செய்து முடித்த கல், இன்னொன்று விடிந்தால் மிச்சமில்லாமல் போகிற நிகழ்ச்சி. எழுதும் முறையும் மூன்றுக்கும் வேறு வேறு. முதலாவதில் பழகினால் மற்றவை சுலபமாக வரும் என்பது என் அனுபவம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் உங்கள் கை கறுக்கட்டும்

எழுதுவதற்கு முன் செய்து பாருங்கள். கலைஞராவதற்காக இல்லை, எது கஷ்டம் என்று தெரிந்துகொள்வதற்காக. கலம்காரிக்கு இதை வீட்டிலேயே செய்யலாம், பெரிய செலவும் இல்லை.

ஒரு மண்பானையில் துருப்பிடித்த ஆணி, இரும்புத் துண்டுகளைப் போட்டு, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, தண்ணீர் ஊற்றித் துணியால் வாய்கட்டி வையுங்கள். காற்றுப் போகாமல் இறுக்கி மூட வேண்டாம், உள்ளே புளித்துப் பொங்கும். இரண்டு மூன்று வாரத்தில் கிடைப்பதுதான் கசிமி. எட்டிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கறுப்பு மை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பானையில் இருப்பதோ கலங்கிய பழுப்புத் தண்ணீர்.

அந்த இடைவெளியில் துணியைத் தயார்செய்யுங்கள். கஞ்சி போட்ட துணி உதவாது. கஞ்சி போக அலசிய பருத்தித் துணி வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, எருமைப்பாலில் கலந்து, துணியை அதில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள். இங்கேதான் ஒரு சின்ன வேலை சொல்கிறேன், தவறாமல் செய்யுங்கள்: துணியை மூன்று துண்டாகக் கிழித்து, ஒன்றைக் கடுக்காயும் பாலும் சேர்த்து, ஒன்றைப் பால் இல்லாமல் கடுக்காய் மட்டும், ஒன்றை எதுவும் இல்லாமல் வையுங்கள். ஒரு மூங்கில் குச்சியைச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலையோ துணிக்கந்தலையோ சுற்றி நூலால் கட்டினால் கலம் ஆயிற்று. அந்தச் சுற்றுதான் மையைப் பிடித்துவைக்கும் தொட்டி. விரலால் மெல்ல அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும்.

இப்போது மூன்றிலும் ஒவ்வொரு கோடு போடுங்கள். வெறுந்துணியில் துருக்கறைதான் தெரியும். கடுக்காய்த் துணியில் பழுப்புத் தண்ணீர் உங்கள் கண்ணெதிரிலேயே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் கறுப்பு அது. பால் சேர்க்காத துணியில் கோட்டின் ஓரம் ஊறிப் பரவும். பாலின் கொழுப்பு சேர்ந்த துணியில் கோடு நிற்கும். அப்புறம் ஒரு சாண் நீளத்துக்கு ஒரே தடிமனில் ஒரு வளைவு போட முயலுங்கள். எனக்கு இன்றைக்கும் வராது. மை இறங்கும் வேகமும் கை போகும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் தயங்கினால் சொட்டு விழும், அவசரப்பட்டால் கோடு உலர்ந்து அறுந்துபோகும். ரப்பர் வைத்து அழிக்கிற கதையும் கிடையாது.

இந்த ஒரு சாயங்காலம் உங்களுக்குக் கொடுப்பதை எந்தப் புத்தகமும் கொடுக்காது. அடுத்த முறை ஒருவர் யானையின் முதுகை ஒரே இழுப்பில் போடும்போது ‘அற்புதம்’ என்று எழுதத் தோன்றாது. எங்கே மூச்சைப் பிடித்தார், எங்கே கலத்தைத் திருப்பினார் என்று பார்ப்பீர்கள். பாட்டைப் பற்றி எழுதப்போனால் ஒரு வர்ணத்தின் முதல் வரியையாவது பாடிக் கேவலப்பட்டுப் பாருங்கள். சிற்பத்துக்கு ஒரு சோப்புக்கட்டியும் பேனாக்கத்தியும் போதும்.

போய் உட்காருதல்

முதல் நாள் நோட்டை எடுக்காதீர்கள். நோட்டைக் கண்டால் பேச்சு மாறிவிடும். எல்லாரும் பேட்டி கொடுக்கத் தொடங்குவார்கள், ‘எங்கள் பாரம்பரியம்’ என்று ஆரம்பித்து முன்பு வந்த நிருபருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்வார்கள். சும்மா உட்காருங்கள். துணியைப் பிடித்துக் காயவைக்க ஆள் வேண்டியிருந்தால் எழுந்துபோய் ஒரு முனையைப் பிடியுங்கள்.

அவர்கள் நேரம் அவர்களுக்குக் கூலி என்பதை மறக்க வேண்டாம். போனால் ஒரு கைக்குட்டை அளவுத் துணியாவது வாங்குங்கள். வரைந்துகொண்டிருக்கும் புது வடிவத்தைக் கேட்காமல் போனில் படம் எடுக்காதீர்கள். கையால் மாதக்கணக்கில் எழுதிய வடிவம் எங்கோ திரை அச்சில் ஏறி மலிவு விலைப் புடவையாக வந்த வருத்தம் அங்கே பல வீடுகளில் உண்டு. என் தூரிகைக் கட்டுரைக்குச் சிரித்த பெரியவர், நான் முதல் முறை போனை எடுத்தபோது சிரிக்கவில்லை.

மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் துணி காயாது, வேலை மந்தமாக இருக்கும். தை பிறந்து போனால் முற்றம் முழுக்கத் துணி விரித்திருப்பதைப் பார்க்கலாம்.

என்ன கேட்பது

‘இந்தக் கலையில் எப்படி ஆர்வம் வந்தது?’, ‘உங்களுக்கு எது உந்துதல்?’ இந்த இரண்டு கேள்வியையும் நான் விட்டுவிட்டேன். பதில் எப்போதும் ஒன்றுதான்: அப்பா செய்தார், கடவுள் கொடுத்தார். பொய் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுத முடியாது.

கையைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கலத்தை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? எப்போது தூக்கிப் போடுவீர்கள்? போன மாதம் எந்தத் துணி கெட்டுப்போனது, ஏன்? முகத்தை முதலில் போடுவீர்களா, கடைசியிலா? இதை உங்கள் அப்பா செய்தால் வேறு மாதிரி செய்திருப்பாரா? கெட்டுப்போனதைப் பற்றிக் கேட்டால் வாயடைத்தவர்கள்கூடப் பேசுவார்கள். தண்ணீர் சரியில்லை, பையன் பாலைக் குறைத்துவிட்டான், மேகம் மூடிவிட்டது என்று ஒவ்வொன்றாக வரும். அதற்குள்ளேயே மொத்தச் செய்முறையும் அடங்கியிருக்கும்.

ஒரு கேள்வி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிவப்பு எப்படி வருகிறது என்பதிலிருந்து அதைக் கற்றுக்கொண்டேன். கறுப்புக் கோடு முடிந்ததும், சிவக்க வேண்டிய இடங்களில் படிகாரத் தண்ணீரைத் தடவுகிறார்கள். அதற்கு நிறம் கிடையாது. காய்ந்த பிறகு துணியை ஓடும் தண்ணீரில் அலசி, செம்புப் பாத்திரத்தில் மஞ்சிட்டி மாதிரியான சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சாயத்தைப் பிடித்துச் சிவக்கும். மற்ற இடத்தில் ஒட்டியதைச் சாணத் தண்ணீரில் ஊறவைத்தும் வெயிலில் நனைத்து நனைத்துக் காயவைத்தும் வெளுக்கிறார்கள். அதாவது இராவணனுக்குச் சிவப்பு தீட்டுகிறவர், தீட்டும்போது சிவப்பைப் பார்க்கவே இல்லை. ஈரத்தைத்தான் பார்க்கிறார். அந்த ஈரமும் காய்ந்துவிட்டால் எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் தடவிக்கொண்டிருந்தபோது, “அண்ணா, இப்போ உங்களுக்கு என்ன தெரியுது?” என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: “கிரீடம் ஆச்சு. காது ஓலை பாக்கி.” எனக்கு அங்கே வெள்ளைத்துணியும் கறுப்புக் கோடும்தான் தெரிந்தன.

படைப்புச் செயல் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது இந்த மாதிரி இடங்களில்தான் அகப்படுகிறது. ‘இப்போது என்ன தெரிகிறது?’ கவிதை எழுதுகிறவரிடமும் கேட்கலாம், கோலம் போடும் அம்மாவிடமும் கேட்கலாம். முடிந்த பிறகு கேட்டால் அழகாக ஒரு விளக்கம் சொல்வார்கள். நடுவில் கேட்டால் உண்மை வரும். வேலையைக் கெடுக்காத நேரம் பார்த்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

சொல் சேர்த்தல்

எல்லையோரத்தில் எழுதுகிறவர்களுக்கு இது தனித் தலைவலி. ஒரே பொருளுக்குத் தெலுங்கில் ஒரு பெயர், தமிழில் ஒன்று, வியாபாரிகள் வாயில் இன்னொன்று. கடுக்காய் தெலுங்கில் கரக்காய். நீலச் சாயம் தரும் செடியை நாம் அவுரி என்போம், அங்கே நீலி. இதில் என் வழக்கம்: நமக்குப் புழக்கத்தில் தமிழ்ச் சொல் இருந்தால் அதுவே, கடுக்காய், படிகாரம், சாயவேர், அவுரி எல்லாம் நம் வீட்டுச் சொற்கள். இல்லையென்றால் அந்த வேலைக்காரர்கள் சொல்வதையே எடுத்து முதல் முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிடுவேன். கசிமியைக் கசிமி என்றே எழுதுங்கள். ‘இரும்பு நொதித் திரவம்’ என்று நீங்களாக ஒன்று காய்ச்ச வேண்டாம். படிக்கிறவர் காளஹஸ்திக்குப் போய் அதைக் கேட்டால் யாருக்கும் புரியாது.

வினைச்சொல்லைக் குறித்துக்கொள்வது பெயர்ச்சொல்லைவிட முக்கியம். அங்கே படத்தை ‘வரைகிறோம்’ என்று சொல்வதைவிட ‘எழுதுகிறோம்’ என்பார்கள். பழந்தமிழிலும் ஓவியம் எழுதுவதுதானே! அந்த ஒரு வினை கிடைத்ததில் என் இரண்டாவது கட்டுரையின் தொனியே மாறிவிட்டது. கூத்தில் வேஷம் ‘போடுவதில்லை’, ‘கட்டுவார்கள்’. இப்படி ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களை வினைகளுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

எழுதும்போது

அன்றிரவே எழுதிவிடுங்கள். நானெல்லாம் ரயிலிலேயே தொடங்கிவிடுவேன். நாளைக்கு என்றால் வாசனை போய்விடும், பிறகு சத்தம், கடைசியில் ‘நல்ல அனுபவம்’ மட்டும் மிஞ்சும்.

என் முதல் கட்டுரையின் தொடக்கத்தை அப்படியே தருகிறேன், கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு:

“கலம்காரி நம் மண்ணின் தொன்மையான கலைகளுள் ஒன்று. கலைஞரின் விரல்களில் வண்ணங்கள் நடனமாடுகின்றன. அவர் தூரிகை பட்ட துணி உயிர்பெற்றுக் காண்போரை மெய்ம்மறக்கச் செய்கிறது.”

இதைப் படித்த எவருக்கும் எதுவும் தெரியவில்லை. கலம்காரியை எடுத்துவிட்டுத் தஞ்சாவூர் ஓவியம் என்று போட்டாலும் பொருந்தும், பத்தமடைப் பாய் என்று போட்டாலும் கொஞ்சம் தட்டினால் பொருந்தும். ஒரு பத்தி தேறுமா என்று பார்க்க இதுதான் என் சோதனை: கலையின் பெயரை மாற்றிப் பாருங்கள், பத்தி அசையாமல் நின்றால் அடித்துவிடுங்கள்.

பிறகு எழுதியது:

“கலத்தைக் கிண்ணத்தில் தோய்த்து விளிம்பில் ஒருமுறை தட்டினார். துணியில் புளியங்குச்சிக் கரியால் போட்ட மங்கலான கோடு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அவர் அதன் மேல் போகவில்லை, ஒரு நூல் தள்ளிப் போனார். சீதையின் மூக்கிலிருந்து தொடங்கி உதடு, தாடை, கழுத்து வரை ஒரே இழுப்பு. கழுத்தில் மை தீர்ந்தது. அங்கேதான் மாலை வரப்போகிறது, இணைப்புத் தெரியாது.”

இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனால் மை எங்கே தீரும் என்று முன்பே கணக்குப் போட்டிருக்கிறார் என்பது தெரிகிறது. அதைவிடப் பெரிய பாராட்டு என்னால் எழுத முடியாது.

எல்லாப் படியையும் எழுத வேண்டுமா? கலம்காரிக்கு 17 படி என்று சொல்கிறவர்கள் உண்டு, 23 என்பவர்களும் உண்டு. அலசுவதைத் தனியாக எண்ணுவதா சேர்த்து எண்ணுவதா என்பதைப் பொறுத்தது. புதியவர்கள் எல்லாவற்றையும் ஒன்று, இரண்டு என்று சம அளவில் அடுக்குவார்கள். படிக்கிறவர் ஆறாவதில் எழுந்துபோய்விடுவார். ‘நாலைந்து முறை அலசிக் காயவைத்தார்கள்’ என்று ஒரு வரியில் ஒரு வாரத்தைத் தாண்டலாம். ஒரு முகத்துக்கு ஒரு பக்கம் கொடுக்கலாம். தப்பு நடக்கக்கூடிய இடம் எதுவோ அங்கே நில்லுங்கள்.

வரலாறு கொஞ்சம் வேண்டும்தான், ஆனால் தொடக்கத்தில் வேண்டாம். காளஹஸ்திக் கலம்காரி கையால் எழுதுவது, மச்சிலிப்பட்டினத்தில் மர அச்சு. கோவில்களில் தொங்கவிடும் கதைத் துணிகளிலிருந்து வந்த மரபு, அதனால்தான் கட்டம் கட்டமாகக் கதையும் கீழே தெலுங்கில் வரிகளும். நலிந்து கிடந்ததை 1950-களில் அரசு பயிற்சி மையம் வைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவும் நான்கு வரி. படிக்கிறவருக்கு அந்த மூங்கில் குச்சி பழகிய பிறகு சொன்னால் ஆர்வமாகக் கேட்பார். ஆண்டு, விருது, பெயர் இவற்றை இரண்டு இடத்திலாவது சரிபாருங்கள். ‘ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக’ என்பதை மட்டும் யார் சொன்னாலும் எழுதாதீர்கள்.

முடிந்த பொருளைப் பார்ப்பது

குடிமல்லத்துக்கு ஒரு பகல் போய்வாருங்கள். கருவறைத் தரை மண்டபத்தைவிடத் தாழ்ந்திருக்கும். உள்ளே ஏறக்குறைய 5 அடி உயர லிங்கம், அதன் முகப்பில் நின்ற கோலத்தில் ஓர் உருவம். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பில் காலச் சண்டையில் இறங்கிவிடுவார்கள். கி.மு. என்பார் சிலர், எந்த நூற்றாண்டு என்பதில் ஒத்துப்போக மாட்டார்கள், பிற்காலம் என்பாரும் உண்டு. அது பிறகு. முதலில் பதினைந்து நிமிடம் ‘சிவன்’ என்ற சொல்லை நினைக்காமல் பாருங்கள். வலது கை ஓர் ஆட்டைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறது. இடது கையில் சிறு கலயம், தோளில் சாய்ந்த மழு. காலடியில் ஒரு குள்ளன், அவன் தோள்மேல் நிற்கிறது உருவம். பூணூல் இல்லை. பெயரைச் சொல்லிவிட்டால் கண் மூடிக்கொள்ளும், ‘சிவன்தான், தெரியுமே’ என்று. பெயரைத் தள்ளிப்போட்டால் ஆட்டின் கனத்தில் அந்தக் கை எப்படி இறங்கியிருக்கிறது என்றெல்லாம் பார்க்கத் தோன்றும்.

குறிப்பு எடுக்கச் சுலப வழி: கால் பக்கத்திலிருந்து மேலே போங்கள். எல்லாரும் முகத்தில் தொடங்கி முகத்திலேயே முடித்துவிடுகிறோம்.

விடிந்தால் இல்லாததை எழுதுவது

கூத்துக்குப் போனால் மேடைக்கு முன்னால் உட்காருவதைவிட வேஷம் கட்டுகிற இடத்தில் முதல் இரண்டு மணி நேரத்தைக் கழியுங்கள். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஆள் வேறு ஆளாவதை அங்கே பார்க்கலாம். டீ குடிக்க வாயை எப்படித் திறக்கிறார் என்பதுகூட எழுதத் தகுந்தது.

அர்ஜுனன் தபசு இருக்கிற ராத்திரியைத் தவறவிடாதீர்கள். உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார், உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் எறிவார். கீழே பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் மடியை ஏந்தி நிற்பார்கள். இங்கே கலை எது, பக்தி எது என்று பிரித்து எழுத முயன்று நான் தோற்றிருக்கிறேன். பாட்டு எத்தனையாவது படியில் நின்றது, மூச்சு வாங்கியதா, பழம் எங்கே விழுந்தது, அதைப் பிடித்த பெண் என்ன செய்தாள் என்று எழுதினேன், அது போதுமாக இருந்தது. கூட்டத்தையும் எழுதுங்கள். தூங்குகிறவர்கள், சரியாகச் சண்டைக் கட்டத்தில் எழுந்துகொள்கிறவர்கள், தமிழில் பாட்டும் தெலுங்கில் வசைச்சொல்லுமாகக் கோமாளி பேசும்போது இரண்டு தடவையாக எழுகிற சிரிப்பு. எங்கள் ஊரில் முதல் சிரிப்பு தமிழ்க்காரர்களுடையது, இரண்டாவது தெலுங்குக்காரர்களுடையது. இரண்டுக்கும் சிரிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு வாய் வலிக்கும்.

நன்றாக இல்லை என்றால்?

சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் புகழ்கிறவர் எழுத்தை நான்காவது கட்டுரைக்குப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வறுமையில் ஒரு கலையைப் பிடித்துக்கொண்டிருப்பவரை நக்கலடிக்க நமக்கு உரிமை இல்லை. நான் வைத்துக்கொண்ட வழி: ஆளைச் சொல்லாமல் பொருளைச் சொல்வது, பொருளிலும் இடத்தைச் சொல்வது. ‘தரம் குறைந்துவிட்டது’ என்பது பழி. ‘பச்சையின் ஓரம் மஞ்சளுக்குள் ஊறியிருக்கிறது, மஞ்சள் தீட்டியபின் அவுரி ஏற்றுவதற்கு முன்னால் அவசரம் நடந்திருக்கிறது’ என்பது விமர்சனம். அதை அவரே ஒத்துக்கொள்வார்.

போலிக்கு மட்டும் இரக்கம் வேண்டாம். திரை அச்சில் அடித்ததைக் கையால் எழுதியது என்று விற்கிறவரைப் பற்றி எழுதலாம். அதற்கு உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். கையால் எழுதியதில் இரண்டு மயில் ஒன்றுபோல இருக்காது; கோடு தடித்து மெலிந்து போகும், கலம் மறுபடி தோய்ந்த இடம் தெரியும். அச்சில் இருபது மயிலுக்கும் ஒரே கழுத்து.

நீங்களே வரைகிறவராக, பாடுகிறவராக இருந்தால் உங்கள் வேலையைப் பற்றியும் இதே கண்ணோடு எழுதலாம். தேதி போட்டு ஒரு நோட்டு வைத்து, அன்றைக்கு எதைக் கைவிட்டீர்கள் என்பதை மட்டும் எழுதிவாருங்கள். வைத்துக்கொண்டது படத்திலேயே இருக்கிறது, கைவிட்டது நோட்டில் இல்லையென்றால் எங்கும் இல்லை.

படித்துக் காட்டுங்கள்

அனுப்புவதற்கு முன்னால், யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அச்சான பிறகு காட்டி நான் பட்டது போதும். காளஹஸ்தியில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. வாய்விட்டுப் படித்து, தடுக்குகிற இடத்தில் தெலுங்கில் சொல்லுங்கள். தெலுங்கில் சொல்ல வராத வாக்கியம் தமிழிலும் காற்றுதான் என்று அப்போது தெரிந்துவிடும். குடும்பத்துப் பக்குவம் ஏதாவது வெளியே போகக் கூடாது என்றால் எடுத்துவிடுங்கள். ஆனால் புகழ்ச்சியைக் கூட்டச் சொன்னால் சிரித்துச் சமாளியுங்கள்.

இரண்டாவது கட்டுரையை அதே பெரியவருக்கு அப்படித்தான் படித்தேன். தூரிகை இல்லை, கசிமி இருந்தது, மூக்கிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பு இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவர் முடிந்ததும், “பால் நாத்தத்தை எழுதலையே” என்றார். உண்மைதான். எருமைப்பாலில் ஊறிய துணி வெயிலில் காயும்போது வீசுகிற அந்தப் புளித்த வாடை, தெரு முனையிலேயே வந்துவிடும். முதல் நாள் எனக்குக் குமட்டியது. கலையைப் பற்றி எழுதுகிறோம் என்பதால் மூக்கை வெளியே விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறேன். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தேன். அவர் மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “அப்படியே கசிமிப் பானையையும் எழுதுங்க அண்ணா, அது இன்னும் மோசம்” என்றார்.